பசி திரும்பி வருவதற்குள்

அன்புள்ள கண்ணா,

"பசியே எடுக்கவில்லை அம்மா. சாப்பாட்டு நினைப்பே என்னை விட்டுப் போய்விட்டது. இனி எந்தக் கவலையும் இல்லை" என்று, எடை குறைக்க இரைப்பையில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நீ, சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னாய். உன் குரலில் அப்படியொரு நிம்மதியைக் கேட்டு வெகுகாலம் ஆகிறது. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் நீ கடைசியாகச் சொன்ன அந்த 'இனி எந்தக் கவலையும் இல்லை' மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. தொலைபேசியில் பதில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று வைத்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் வேண்டும்போது எடுத்துப் பார்ப்பாய்.

பசி திரும்பி வரும். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

அது இப்போது எங்கே போனது என்று யோசித்தாயா? உன் மன உறுதியால் அது போகவில்லை. முன்பு அது அவ்வளவு இருந்ததும் உன் மன உறுதி குறைந்ததால் அல்ல. பைபாஸ் அறுவை சிகிச்சையில் உன் இரைப்பையின் மேற்பகுதியைப் பிரித்து, ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் மட்டும் கொள்ளும் சிறு பையாக்கி, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்திருக்கிறார்கள். உணவு முன்பைவிட வேகமாகச் சிறுகுடலின் பின்பகுதியை எட்டிவிடுகிறது. அங்கே சுரக்கும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன. போதும் என்று மூளைக்குச் சொல்பவை அவைதான். உன்னைக் கட்டுப்பாடு இல்லாதவன் என்று பேசியவர்கள் எவருக்கும் இது தெரியாது. உடம்பின் சுரப்புகள் மாறியதும் அதே நீ, அதே மனத்தோடு, நாலு வாயில் எழுந்துவிடுகிறாய். குறுக்கு வழியில் மெலிந்தவன் என்று இனி யாராவது சொன்னால் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதே. வயிற்றைத் திறந்து குடலை மாற்றி இணைத்துக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் மாத்திரை விழுங்கச் சம்மதித்தவன் எந்தக் குறுக்கு வழியிலும் போகவில்லை.

ஆனால் உடம்பு இதற்கும் பழகிக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வருடத்துக்குள் எடை அதன் மிகக் குறைந்த இடத்தைத் தொடுகிறது. அதற்குப் பிறகு முன்னைவிடக் கூடுதலாக உண்ண முடிகிறது, பசியும் மெல்லத் தலைகாட்டுகிறது. இழந்த எடையில் ஒரு பங்கு திரும்புவது பலருக்கும் நடப்பதுதான். அப்போது அறுவை சிகிச்சை தோற்றுவிட்டது என்று நினைத்து மருத்துவரைப் பார்க்கவே கூச்சப்பட்டு மறைந்துகொள்பவர்களை நான் செவிலியாக இருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. உனக்கு நான் சொல்கிறேன். பசியில்லாத இந்த மாதங்கள் உனக்கு இரவலாகக் கிடைத்தவை. அளவோடு உண்ணும் பழக்கத்தை இப்போது பழகினால் எதிர்த்துப் போராட எதுவும் இல்லை. பசி வந்த பிறகு பழகுவது மிகவும் கடினம்.

பழக்கம் என்று எதைச் சொல்கிறேன்? சின்னத் தட்டு, சின்னக் கரண்டி. வாயில் போட்டதைக் கூழாகும்வரை மெல்ல வேண்டும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வாய்க்குக் காத்திருக்க வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது முப்பது நிமிடம் ஆகட்டும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாதே; பார்க்கிற கண்ணுக்கு வயிறு சொல்வது கேட்காது. வயிறு நிறையும்வரை உண்பது என்று நாம் எல்லோரும் வளர்ந்திருக்கிறோம். உனக்கு இனி அந்தக் கணக்கு கிடையாது. பசி அடங்கிய இடத்தில் நிறுத்த வேண்டும், நிறைந்த இடத்தில் அல்ல. உன் உடம்பு அதற்கு அடையாளம் காட்டும். சிலருக்கு ஒரு விக்கல், சிலருக்கு மூக்கில் நீர் வடியும், சிலருக்கு நெஞ்சின் நடுவே ஓர் அழுத்தம். எது உன்னுடைய அடையாளம் என்று கண்டுபிடித்து வைத்துக்கொள். அதற்குப் பிறகு போகிற ஒரே ஒரு கரண்டி வலியாகவும் வாந்தியாகவும் திரும்பி வரும்.

வாந்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அளவு மீறியதால் ஒரு நாள் வந்தால் அது பாடம். நாள்கணக்கில் நீடித்தால் அது ஆபத்து. உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமினின் சேமிப்பு மிகக் குறைவு. சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். தீர்ந்தால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படும்: பார்ப்பதெல்லாம் இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். "அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு வாந்தி சகஜம்தானே" என்று வீட்டில் படுத்துக்கொள்ளாதே. உடனே மருத்துவமனைக்குப் போ.

தட்டில் முதலில் எடுக்க வேண்டியது புரதம். முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் எதுவாயினும் அதை முதலில் முடி, பிறகு காய்கறி, அரிசியோ ரொட்டியோ கடைசியில், இடம் இருந்தால். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான் என்று நினைத்துப் பார்த்தால், அந்தச் சிறு பையில் மற்றவற்றுக்கு ஏன் இடமில்லை என்று புரியும். தலைமுடி கொட்டுகிறது என்று வருத்தப்பட்டாயே, அது வேகமாக எடை குறைவதன் அதிர்ச்சி. மூன்றாம் மாதம் தொடங்கிச் சில மாதம் இருக்கும், பெரும்பாலும் மீண்டும் முளைத்துவிடும். புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தால் மட்டும் அது நீளும்.

தண்ணீர் விஷயத்தில் நீ இன்னும் பழைய ஆள்தான். மடக்மடக்கென்று குடிக்கும் சத்தம் தொலைபேசியிலேயே கேட்கிறது. மிடறு மிடறாகக் குடி. நாள் முழுவதும் பக்கத்தில் பாட்டில் இருக்கட்டும். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போக வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருத்துவமனைக்குத் திரும்பி வருகிறவர்களில் பலர் வெறும் நீர் வறட்சியால்தான் வருகிறார்கள். ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதே. சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் போகட்டும். கூடவே குடித்தால் இருக்கிற சிறு இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், உணவும் பையில் தங்காமல் இறங்கிவிடும். சீக்கிரமே மறுபடி சாப்பிடத் தோன்றும். குமிழ் விடும் பானங்களை விட்டுவிடு.

இப்போது நான் அதிகம் அஞ்சுகிற இரண்டு விஷயங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, கொறிப்பது. உனக்குக் கடினமான இறைச்சித் துண்டு இறங்காது. ஆனால் பிஸ்கட் இறங்கும், சிப்ஸ் இறங்கும், ஐஸ்கிரீம் வழுக்கிக்கொண்டு போகும். அவை வாயிலேயே கரைந்து, பையில் நிற்காமல் குடலுக்குப் போய்விடும். பை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அவற்றைத் தடுக்காது. காலையிலிருந்து இரவுவரை மேசையில் ஒரு பொட்டலம் இருந்தால், ஒரு வேளைக்கு நாலு வாய் மட்டும் உண்கிறவன்கூட முழுச் சாப்பாட்டுக்கான கலோரியைத் தெரியாமல் தின்றுவிட முடியும். எடை திரும்பியவர்கள் பலருடைய கதை இதுதான். அவர்கள் யாரும் விருந்து உண்டு பருக்கவில்லை. சாப்பாட்டுக்கு நேரம் வைத்துக்கொள். அந்த நேரங்களுக்கு இடையில் வாய் எதையாவது கேட்டால், கேட்பது வயிறா, சலிப்பா, தனிமையா என்று பார். தனிமை என்றால் என்னை அழை. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

இனிப்பும் இதில் சேர்ந்ததுதான். முன்பு உன் இரைப்பையின் அடியில் இருந்த தசை வளையம் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு விடும். இப்போது உணவு அந்த வழியே போவதில்லை. சர்க்கரை மொத்தமாகக் குடலில் போய் விழுந்து, உடம்பிலிருந்து நீரை உள்ளே இழுக்கிறது. பத்து முதல் முப்பது நிமிடத்தில் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு முறுக்கும், பேதியாகும். டம்பிங் என்பது அதுதான். இன்னும் சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ரத்தச் சர்க்கரை சரிந்து கை நடுங்கும், மயக்கம் வரும். உனக்கு இதுவரை ஒன்றும் செய்யவில்லை என்றாய். எல்லோருக்கும் வருவதில்லைதான். அதை அனுமதிச்சீட்டாக எடுத்துக்கொள்ளாதே.

இரண்டாவது, மது. இதைத் தாய் மகனிடம் பேசும் விஷயமாக நீ நினைக்காமல் இருக்கலாம், நான் பேசுவேன். நண்பர்களோடு நீ எப்போதாவது குடிப்பது எனக்குத் தெரியும், அதைப் பற்றி நான் பெரிதாகச் சொன்னதும் இல்லை. அந்தப் பழைய அளவுக்கு இன்றைய உன் உடம்பில் பொருளே இல்லை. மது இரைப்பையில் தங்காமல் நேராகக் குடலுக்குப் போய் நிமிடங்களில் ரத்தத்தில் ஏறுகிறது. முன்பைவிட உயரமாக ஏறுகிறது. பைபாஸ் செய்துகொண்ட பெண்களை வைத்து 2015இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வில், அவர்கள் இரண்டு கோப்பை குடித்தபோது ரத்தத்தில் ஏறிய அளவு, அறுவை சிகிச்சை செய்யாதவர்கள் ஏறக்குறைய நான்கு கோப்பை குடித்தாற்போல் இருந்தது. ஒரு கோப்பைதானே என்று வண்டிச் சாவியை எடுக்கிறவன் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறான் என்று எண்ணிப் பார்.

அதைவிடவும் எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஏறக்குறைய 2,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வொன்றில், மதுப் பழக்கத்தால் சிக்கலில் இருந்தவர்கள் அறுவை சிகிச்சைக்கு முன் 7.6 சதவீதம். முதல் வருடம் அது கூடவில்லை. இரண்டாம் வருடத்தில் 9.6 சதவீதமானது. அந்த இரண்டாம் வருடத்தைக் கவனி, கண்ணா. எல்லாம் நன்றாகப் போகிறது, மருத்துவர் சந்திப்புகளும் குறைந்துவிட்டன என்று நிம்மதியாக இருக்கும் காலம் அது. மதுவை உடம்பு உள்வாங்கும் விதம் மாறியது ஒரு காரணம். இன்னொன்று என் எண்ணம்: வருத்தம் வந்தபோதெல்லாம் நீ சாப்பாட்டில் ஆறுதல் தேடியவன். அந்தக் கதவு மூடியிருக்கிறது. ஆறுதல் வேண்டிய மனம் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு வேறு ஏதாவது வேண்டும். நடை, நண்பர்கள், மனநல ஆலோசகர், எதுவானாலும் சரி. கோப்பையை அங்கே கொண்டுபோய் வைத்துவிடாதே.

நீ தொடவே கூடாது என்பது என் விருப்பம். மறைத்துச் சொல்லவில்லை. அது உன்னால் ஆகாது என்றால், குறைந்தது முதல் ஒரு வருடமாவது வேண்டாம். அதற்குப் பிறகும் உன் மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். தனியாக வேண்டாம், வெறும் வயிற்றில் வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டிய நாளில் ஒரு துளிகூட வேண்டாம்.

மாத்திரைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுள் முழுவதற்கும். கால்சியத்தை ஒரே வேளையில் விழுங்காதே, பிரித்து எடு. இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தலைவலி, முதுகுவலி என்று ஐபுப்ரூஃபன் வாங்கிப் போட்டுக்கொள்ளாதே. இணைத்த இடத்தில் புண் வரும். சிகரெட்டும் அதே புண்ணைக் கொண்டுவரும்.

விருந்துகளில் வற்புறுத்துவார்கள். "இவ்வளவுதானா?" என்பார்கள், "ஒரு வாய்தானே" என்பார்கள். அறுவை சிகிச்சையைப் பற்றி எல்லோரிடமும் விளக்க வேண்டிய கடமை உனக்கில்லை. "போதும், நன்றாக இருந்தது" என்றால் போதும். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மிச்சம் வைப்பதற்காக வருந்தவும் வேண்டாம். குறைவாக எடுத்துக்கொள், அப்படியும் மிஞ்சினால் மிஞ்சட்டும். நீ இங்கே வரும்போது நான் பரிமாறப் போவதில்லை. எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிடுவேன். வேண்டியதை வேண்டிய அளவு நீயே எடுத்துக்கொள். இன்னும் கொஞ்சம் என்று என் வாயில் வராது.

அடுத்த மாத ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. முடிவு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. ஹீமோகுளோபினையும் பி12 அளவையும் நானே பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா