மழைக்காலத்தில் திறக்கும் பக்கங்கள்

கோத்தகிரி

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தி கேட்டு வீடே மகிழ்ந்தது. தை மாதம் கீழே இறங்கி வந்து பார்க்கிறேன்.

இங்கே வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் போனால் சிக்னலும் பாதியாகிவிடும். அந்த நேரத்தில் செய்தித் தளம் எதையாவது திறந்தால் விளம்பரமும் ஓடும் படமும் அடைத்துக்கொள்கின்றன, செய்தி வந்து சேர்வதில்லை. அதே சிக்னலில், தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் மதுரைத் திட்டத்தின் நூல்கள் சட்டென்று திறக்கின்றன. வெறும் எழுத்துதானே!

1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய முயற்சி அது. முதல் நூல் திருக்குறள். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறைக்கான எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் கோணல்மாணலாகத் தெரிந்த காலம் நினைவிருக்கிறதா? அன்று ஏற்றிய நூல்களைப் பிறகு எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, இன்றும் இலவசமாகவே தருகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது நூலின் முகப்புதான். தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று பெயர் போட்டிருக்கும். காசு வாங்காமல் எழுத்தெழுத்தாகத் தட்டியவர்கள். நூலுக்குள் போகுமுன் அந்தப் பெயர்களை வாசித்துவிடுவேன்.

டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய உலகின் முதல் வலைத்தளத்தையும் செர்ன் இயற்பியல் ஆய்வகம் 2013இல் அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, நீல இணைப்புகள். படம் ஒன்றுகூட இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுதியது இன்றைய கைப்பேசியிலும் பிசகாமல் திறக்கிறது.

எல்லாவற்றுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. 1994இல் தொடங்கிய ஜியோசிட்டிஸ் என்ற இணையச் சேவையில் லட்சக்கணக்கானோர் சொந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். 2009இல் யாஹூ அதை மூடியது. இணைய ஆவணக் காப்பகமும் தன்னார்வலர்களும் அள்ள முடிந்ததை அள்ளினார்கள், மற்றவை போயின. பிறர் இடத்தில் வைப்பதை நாமும் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சேகர், லாங்வுட் சோலையில் நீ எழுதிவைத்த பறவைக் குறிப்புகள் பீரோவில் கிடக்கலாமா? நீலகிரிச் சிரிப்பான் எந்த மரத்தில், எந்தப் பொழுதில் கத்தியது என்றுகூட எழுதியிருக்கிறாயே! அதற்கு ஒரு எளிய பக்கம் போதும். 2013இல் வந்த, அதே போன்ற நியோசிட்டிஸ் சேவையில் இலவசமாகவே வைக்கலாம். நோட்டைப் படமெடுத்து அனுப்பு, தட்டச்சை நான் பார்த்துக்கொள்கிறேன். மெய்ப்பு நீதான் பார்க்க வேண்டும். பறவைப் பெயரில் ஒரு பிழை இருந்தாலும் உனக்குப் பொறுக்காது.

அன்புடன்,
முருகேசன்