3,20,000 கிலோமீட்டர் ஓடிய பிக்கப்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து காலையில் மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அவசரப்பட்டுத் தூரத்தைக் கூட்டிவிடாதே.

"இவ்வளவு ஓடிய வண்டியைப் போய் யாராவது வாங்குவார்களா?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். வேலைக்குப் போய்வர எனக்குக் கார் இருக்கிறது. இந்த பிக்கப் மண்ணிலும் கல்லிலும் ஓட்டிப் பார்க்கும் ஆசைக்காக மட்டுமே. ஒரு மாதம் ஓடாமல் நின்றாலும் யாருடைய பிழைப்பும் கெடாது. அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன். புது வண்டியைப் பாறைமேல் ஏற்ற எனக்கு மனசு வராது.

மூன்று வண்டிகள் பார்த்தேன். முதலாவது 1,60,000 கிலோமீட்டர்தான், பெயின்ட் பளபளவென்று இருந்தது. கீழே படுத்து டார்ச் அடித்தால் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். பின்பக்க லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தில் மட்டும் சத்தம் சொத்தென்று விழுந்தது. பூச்சுக்கு அடியில் துரு தின்றிருந்தது. என்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். ஆனால் இந்த மாதிரி வண்டியில் எல்லாமே அந்தச் சட்டத்தின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதுவே உளுத்துவிட்டால் குறைந்த கிலோமீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டேன்.

மூன்றாவதுதான் இப்போது என்னிடம் இருப்பது. பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடியது. ஆயில் மாற்றிய ஒவ்வொரு தேதியையும் பழைய உரிமையாளர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். எனக்கு ஓடோமீட்டரைவிட அந்த நோட்டு பெரிதாகப் பட்டது. நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொண்டிருந்தேன். சூடான என்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லை.

அப்புறம் டிஃபரன்ஷியல், அதாவது திரும்பும்போது இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர் பெட்டி. தண்ணீரில் இறங்கி ஏறும் வண்டிகளில் இதைப் பார்க்காமல் விடக் கூடாது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் சட்டென்று தண்ணீரில் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மேலே இருக்கும் மூச்சுக்குழாய் நீரில் மூழ்கியிருந்தால், அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். பிளக்கைத் திறந்து விரலால் ஆயிலைத் தொட்டேன். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. முன்பக்கம் சுத்தம், பின்பக்கம் லேசாக வெளுத்திருந்தது. அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொன்னேன், அவரும் மறுக்காமல் குறைத்தார். இப்போது ஆயிலை மாற்றி, குழாயை நீட்டி என்ஜின் உயரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

நான்கு சக்கர இழுவையைத் தார் ரோட்டில் சோதிக்காமல் மண்ணில்தான் சோதித்தேன். முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையே வேக வித்தியாசத்தை அனுமதிக்கும் நடு டிஃபரன்ஷியல் இந்த வண்டியில் கிடையாது. திரும்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள வேண்டும். மண்ணில் டயர் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தாரில் அந்த இழுபறி முழுவதும் கியர்களுக்குள் போய்விடும்.

வாங்கின விலையில் மூன்றில் ஒரு பங்கை ரிப்பேருக்கென்று முன்பே தனியாக எடுத்து வைத்திருந்தேன், நல்லதாயிற்று. வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றியது என்று அந்த நோட்டிலேயே இல்லாததால் முதல் வாரமே மாற்றினேன். பல என்ஜின்களில் அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எல்லாம் போய்விடும். டயர்களில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடுகள், தேயாமல் நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் 2412 என்று இருந்தது. 2012ஆம் ஆண்டின் 24ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் ஓடாமல் நின்றாலும் கிழடாகும், அதனால் நான்கையும் மாற்றிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக மணலுக்குக் கொண்டுபோனேன். டயர் காற்றழுத்தத்தை 35 psi-யிலிருந்து 20க்கு இறக்கினேன். டயர் அகலமாகப் படிந்து, புதையாமல் மேலே மிதந்தது. பிறகு ஒரு செங்குத்தான சரிவு. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டு, பிரேக்கிலிருந்தும் ஆக்சிலரேட்டரிலிருந்தும் காலை எடுத்துவிட்டேன். என்ஜினே பிடித்துக்கொள்ள, ஒரு மனிதன் நடக்கும் வேகத்தில் வண்டி தானாகக் கீழே இறங்கியது. நான் ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு, அடியில் ஒவ்வொரு கல்லாக நகர்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் கார் ஓட்டியும் இப்படி ஒரு சந்தோஷத்தை நான் அறிந்ததில்லை.

ஹேண்ட்பிரேக் கேபிள் வேலை மட்டும் பாக்கி. அடுத்த மாதம் நீ வருவதற்குள் முடித்துவிடுவேன். வண்டி உயரம் அதிகம், ஏறும்போது உன் முட்டிக்குச் சிரமமாக இருக்கும். அதனால் உன் பக்கக் கதவுக்குக் கீழே ஒரு படி பொருத்தச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்