வெப்பமண்டலத் தாழ்வுக்கு வளிமுகம் கிடையாது

ஆசிரியருக்கு,

சென்ற இதழின் வானிலைக் கட்டுரைப் படத்தில், வெப்பமண்டலக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிக்கு நீல முக்கோணக் கோடும் சிவப்பு அரைவட்டக் கோடும் வரைந்திருக்கிறீர்கள். அவை குளிர், வெப்ப வளிமுகங்களுக்கான குறிகள். வெவ்வேறு வெப்பமுள்ள இரண்டு காற்றுத்திரள்கள் (பெரும் காற்றுத் தொகுதிகள்) சந்திக்கும் எல்லைதான் வளிமுகம். முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு நார்வேயின் பெர்கன் நகரில் வானிலை அறிஞர் பியர்க்னஸின் குழுவினர் வகுத்த கருத்து அது. வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடைப்பட்ட நடு அட்சரேகைப் பகுதிகளுக்குத்தான் பொருந்தும். அங்கே துருவப் பக்கத்துக் குளிர்ந்த காற்றுத்திரளும் வெப்பமண்டலப் பக்கத்திலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக் காற்றுத்திரளும் முட்டுகின்றன. அந்த வெப்ப வேறுபாடுதான் தாழ்வுக்குத் தீனி. வெப்பமண்டலத் தாழ்வைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே சூட்டுக் காற்று. கடல் நீராவி மேகமாகக் குளிரும்போது வெளிவிடும் வெப்பமே அதை வளர்க்கிறது. பிரிக்க இரண்டு திரள்கள் இல்லாத இடத்தில் கோடு எதற்கு?

இது வெறும் படத் திருத்தம் அல்ல. வளிமுக மழைக்கு வரிசை உண்டு. வெப்ப முகத்தின், அதாவது வெப்பக் காற்று முன்னேறி வரும் எல்லையின், சரிவு மிகச் சாய்வானது, 200 கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் உயரம் என்ற அளவில். அதனால் தரையில் முகம் வந்து சேரும் முன்பே, பல நூறு கிலோமீட்டர் முன்னால் கீற்று மேகம் தெரிந்துவிடும். அடுத்து மெல்லிய திரைபோல் கீற்றுப்படை மேகம், அதில் சூரியனைச் சுற்றிப் பெரிய வளையம் ('அகல் வட்டம் பகல் மழை' என்பது முழுக்கப் பொய்யில்லை), பிறகு சாம்பல் மூட்டம், கடைசியில் கார்படை மேகத்திலிருந்து மணிக்கணக்கில் நிதான மழை. குளிர் காற்று முன்னேறி வரும் குளிர் முகம் செங்குத்து கூடியது. வெப்பக் காற்றை வேகமாக மேலே தள்ளுவதால் கார்திரள் மேகம், இடி, குறுகிய பட்டையாகக் கொட்டும் மழை. அது கடந்ததும் காற்றின் திசை சட்டென மாறும், அழுத்தம் ஏறும். வெயில் அடித்தால் வெப்பமானி ஏமாற்றலாம். பனிபடுநிலை (காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) இறங்கியிருந்தால் காற்றுத்திரள் மாறிவிட்டது என்று நம்பலாம். வெப்பமண்டலத் தாழ்வில் இந்த வரிசை எதுவும் இல்லை. மழை சுருள் பட்டைகளாக விட்டு விட்டு வரும்.

அதே கட்டுரையின் 'அழுத்தமானி 1000-க்குக் கீழே போனால் மழை' என்ற அறிவுரையும் தவறு. கடல்மட்டத்தை ஒட்டிய உயரங்களில் சுமார் 8 மீட்டர் ஏறினால் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு; அந்த 1000-மும் இதில்தான்) குறையும். 300 மீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு வெயில் நாளிலும் 978 காட்டும். முதலில் கடல்மட்டத்துக்குத் திருத்த வேண்டும். கைப்பேசி அழுத்தமானிக்கும் இதேதான். வெப்பமண்டலத்தில் இன்னொரு சிக்கல்: தினமும் காலை, இரவு 10 மணியளவில் அழுத்தம் உச்சம், அதிகாலை, மாலை 4 மணியளவில் குறைவு. இந்த ஏற்ற இறக்கமே 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு வரும். ஆகவே நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிடுவதே சரி.

அழுத்தம் குறைந்தாலும் ஈரம் இல்லாவிட்டால் மழை இல்லை. கோடையில் சஹாராவில் உருவாகும் வெப்பத் தாழ்வில் காற்று மேலெழுந்தும் மேகம் திரள்வது அரிது; காற்று வறண்டது, அதற்கு மேலே இறங்கும் காற்று மூடிபோல் அமுக்குகிறது.

அடுத்த படத்தில் சமஅழுத்தக் கோடுகளுக்கு (ஒரே அழுத்தமுள்ள இடங்களை இணைப்பவை) எண்களும், எந்த நேரத்து நிலவரம் என்பதும் போடுங்கள். கோடுகள் நெருங்கும் இடத்தில் காற்று பலமாக வீசும் என்பதையாவது வாசகர் தாமே படித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்