கையடக்க ஜிபிஎஸ் வாங்கப்போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பெர்த்தை விட்டு ஒரேயடியாக நம் ஊர் சிங்கப்பூருக்கே வரப்போகிறாய் என்று படித்ததும் முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன். "வந்ததும் நேரா நம்ம வீட்டுக்கு வரச்சொல்லு" என்றார். அவருக்கு முட்டி வலி கூடிவிட்டது. கீழே கோப்பிக் கடை வரை போய்வருவதே சிரமமாக இருக்கிறது. ஆனால் உன் பேச்சை எடுத்தால் முகம் மலர்ந்துவிடுகிறது. மகளுக்குத் தெங்காவில் வீவக அடுக்குமாடி வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. சனி, ஞாயிறு ஆனால் தரை ஓடு, அலமாரி என்று அவளோடு கடை கடையாக அலைகிறோம். அதனால் இந்த மாதம் சின்ன விமானத்தை எடுத்துக்கொண்டு ஒரு தடவைதான் பறந்தேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஜண்டகோட் விமான நிலையத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள், ஊருக்குக் கிளம்புமுன் அங்கேயே பறக்கும்போது வழி பார்க்க ஒரு நல்ல கையடக்க ஜிபிஎஸ் வாங்கிவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். வாங்காமல் வா. ஏன் என்று சொல்கிறேன், கடிதம் கொஞ்சம் நீளும்.

நீ இத்தனை வருடம் பறந்தது கோதுமை வயல்களுக்கு மேலே. வழி கொஞ்சம் தப்பினாலும் நிதானமாகத் தேடிப் பிடிக்க அங்கே இடம் இருக்கிறது. இங்கே அது கிடையாது. நம் சிலேத்தார் விமான நிலைய ஓடுபாதையின் நீளம் 1,836 மீட்டர். அதிலிருந்து எழும்பினால் கிழக்கே சாங்கி, தெற்கே பாய லேபார் விமானப்படைத் தளம், வடமேற்கே ஜோகூரின் செனாய் விமான நிலையம். ஜோகூர் நீரிணையைத் தாண்டினால் வேறு நாடு. இரண்டு மூன்று நிமிடம் அசந்தால் போதும், போகக்கூடாத வான்வெளிக்குள் போய்விடுவோம். இந்த வான்வெளி எவ்வளவு நெருக்கடியானது என்பதற்கு ஒன்று சொல்கிறேன், அப்போது நீ இங்கே இல்லை. 2018 கடைசியில் சிலேத்தாருக்கான ஐஎல்எஸ் இறங்குமுறை (தரையிலிருந்து வரும் வானொலி அலையைப் பிடித்து ஓடுபாதைக்கு இறங்குவது) தொடர்பாகச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பிரச்சினை வந்தது. அந்தப் பாதை ஜோகூரில் இருக்கும் பாசிர் கூடாங்கிற்கு மேலே போகிறது என்று மலேசியா ஆட்சேபித்தது. 2019 ஏப்ரலில்தான் தீர்ந்தது. ஐஎல்எஸ் முறையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ஜிபிஎஸ் அடிப்படையிலான இறங்குமுறைகளை வகுப்பது என்று இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. அதெல்லாம் விமானத்தில் பொருத்தி, சான்றிதழ் பெற்ற கருவிகளுக்கு. நீயும் நானும் கையில் கொண்டுபோகிற பெட்டி 'நான் எங்கே இருக்கிறேன்' என்று சொல்வதற்கு மட்டும்தான். அந்த ஒன்றை அது எந்த நிலைமையிலும் சொல்ல வேண்டும். நான் கருவியைத் தேர்ந்தெடுப்பது இதை வைத்துத்தான்.

இந்த முடிவுக்கு நான் வந்த கதையை உன்னிடம் சொன்னதே இல்லை. 2019 செப்டம்பர் தொடக்கம். புகைமூட்டம் மோசமாவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, வாடகைக்கு எடுத்த செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் தனியாக மலாக்காவுக்குக் கிளம்பினேன். ஏறத்தாழ 110 நாட்டிக்கல் மைல், ஒரு மணி நேரப் பயணம். டேப்லட்டில் வரைபடச் செயலி. அதை முன்கண்ணாடியில் சக்ஷன் கப் வைத்து ஒட்டியிருந்தேன், பார்க்க வசதி என்று. பத்து பகாட் ஊர் இடப்பக்கம் மங்கலாகத் தெரிந்தது. அதைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் திரை இருண்டது. சூடு அதிகமாகிவிட்டது, ஆறும் வரை காத்திருக்கவும் என்று ஒரு வரி மட்டும் நின்றது. தொட்டுப் பார்த்தேன், பின்பக்கம் தோசைக்கல் போலச் சுட்டது.

கீழே செம்பனைத் தோட்டம். மேலிருந்து பார்த்தால் கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும், எந்த இடமும் அடுத்த இடத்தைப் போலவே இருக்கும். எதிரே சாம்பல் நிறப் புகை, தொடுவானம் இல்லை. தென்மேற்குக் காற்று என்னை வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. மலாக்கா பாதைக்கு வலப்பக்கம் சுமார் 15 நாட்டிக்கல் மைலில் குனோங் லேடாங் மலை நிற்கிறது, உயரம் 1,276 மீட்டர், அதாவது ஏறத்தாழ 4,190 அடி. நான் பறந்தது 2,500 அடியில். மலை இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது என்று கணக்கு சொன்னது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத மலை பக்கத்தில் இருப்பது போலத்தான் மனசுக்குப் படுகிறது. உள்ளங்கை வேர்த்துவிட்டது.

பைக்குள் கார்மின் ஜிபிஎஸ்மேப் 196 கிடந்தது. 2002-ல் வந்த கருவி, கறுப்பு வெள்ளைத் திரை, 4 ஏஏ பேட்டரி. யாரோ வேண்டாம் என்று கொடுத்ததை எடுத்து வைத்திருந்தேன். அதை மடியில் போட்டு முடுக்கினேன். செயற்கைக்கோள்களைப் பிடிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், எனக்கு அது அரை மணி நேரம் போல இருந்தது. அப்புறம் எண்கள் வந்தன. மலாக்கா எந்தத் திசையில், இன்னும் எத்தனை மைல், நான் இப்போது எந்தப் பக்கம் நகர்கிறேன். பாதையிலிருந்து 4 மைல் வலப்புறம் விலகியிருந்தேன். இடப்பக்கம் 20 டிகிரி திருப்பினேன். சிறிது நேரத்தில் மூவார் ஆறு கடலில் கலக்கும் இடம் பழுப்பாகத் தெரிந்தது. அதற்கப்புறம் கரையைப் பிடித்துக்கொண்டே மலாக்கா.

அந்தப் பழைய கருவியில் வான்வெளித் தகவல் காலாவதியாகி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. வண்ணம் இல்லை, தொடுதிரை இல்லை. ஆனால் கொளுத்துகிற வெயிலில் அந்தத் திரை பளிச்சென்று தெரிந்தது, சூடு அதை ஒன்றும் செய்யவில்லை, பேட்டரி தீர்ந்தால் கடையில் வாங்கி மாற்றலாம். எனக்கு அன்று வேண்டியிருந்தது இந்த மூன்றும்தான்.

இப்போது கடையில் கிடைப்பவற்றைப் பற்றிச் சொல்கிறேன். பறப்பதற்கென்றே செய்த கையடக்கக் கருவிகளில் நான் பார்த்துப் பழகியவை கார்மின் ஏரா 660, ஏரா 760. முதலாவதுக்கு 5 அங்குலத் திரை, இரண்டாவதுக்கு 7 அங்குலம். விலையில் பெரிய வித்தியாசம், 760 இரு மடங்குக்குப் பக்கத்தில் போகும். உள்பேட்டரி இரண்டிலும் 4 மணி நேரம் வரை தாங்கும் என்கிறார்கள். பெரிய திரையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் 172-ஐ ஓட்டப் பிடிக்கும் கைப்பிடியில் 7 அங்குலத்தை மாட்டிப் பார்த்தபோது பின்னாலிருக்கும் சில சுவிட்சுகள் மறைந்துவிட்டன. நான் 660 வாங்கினேன். கைப்பிடியில் அடக்கமாக உட்காருகிறது, முன்கண்ணாடி வெயிலும் நேராக அடிப்பதில்லை. காந்தத் திசைகாட்டியிடமிருந்தும் தள்ளி இருக்கிறது. எங்கே மாட்டினாலும் கருவியை முடுக்கி அணைத்து, திசைகாட்டி முள் அசைகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடு.

இன்னொரு வழி, டேப்லட்டோடு தனி ரிசீவர். கார்மின் குளோ 2 மாதிரி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, புளூடூத் வழியாக விநாடிக்கு 10 தடவை இடத்தைச் சொல்லும். உன் ஐபேட் வைஃபை மட்டும் உள்ள வகை என்று எழுதியிருந்தாய். அதற்குள் ஜிபிஎஸ் சிப்பே கிடையாது, சிம் போடும் வகையில்தான் உண்டு. ஆகவே அதை நீ பயன்படுத்த வேண்டுமானால் இப்படி ஒரு ரிசீவர் வேண்டும். செலவு குறைவு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் திரை சூட்டில் நின்றுபோனால் ரிசீவர் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் உனக்கு ஒன்றும் தெரியாது. இதை இரண்டாவது துணையாக வைத்துக்கொள், முதலாவதாக வேண்டாம்.

அங்கேயே வாங்காதே என்று சொன்னதற்கு முக்கியக் காரணம் தரவுதான். வான்வெளித் தகவலை உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து விற்கிறார்கள். உன் கருவியில் ஏற்றித் தரும் பகுதிக்குள் சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் வருகிறதா என்று கேட்காமல் பணம் கட்டாதே. 28 நாளுக்கு ஒரு முறை அந்தத் தகவல் புதுப்பிக்கப்படுகிறது, அதற்கான சந்தாவையும் விலையோடு சேர்த்துப் பார். நீ பழகிய ஓஸ்ரன்வேஸ் வரைபடச் செயலி ஆஸ்திரேலியாவுக்காகச் செய்தது, இங்கே அதை நம்பி இருக்க முடியாது. அப்புறம் விளம்பரத்தில் வானிலை வானிலை என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். செயற்கைக்கோள் வானொலி வழியாக வரும் வானிலையும் சரி, 978 மெகாஹெர்ட்ஸில் தரையிலிருந்து இலவசமாக வருவதும் சரி, அமெரிக்காவுக்கான ஏற்பாடு. சுமத்ரா புயற்காற்று விடியற்காலையில் வரிசை கட்டி வருவதை அது உனக்குக் காட்டாது. அதற்காக ஒரு வெள்ளிகூட அதிகம் கொடுக்காதே. 'வாஸ்' வசதி உண்டு என்பார்கள், ஜிபிஎஸ் பிழையைச் சரிசெய்யும் ஏற்பாடு அது, அதுவும் வட அமெரிக்காவுக்கான திருத்தம்தான், நமக்குப் பயன் இல்லை.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது, பெர்த்தில் நீ கவனித்திருக்க மாட்டாய். நாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சூரியன் மறைந்த பிறகு மேலே அயனிமண்டலத்தில் மின்துகள்கள் குறைந்த பகுதிகள் குமிழிகள் போல எழும்பும். அவற்றின் ஊடாக வரும் ஜிபிஎஸ் சிக்னல், வெயிலில் கானல் நடுங்குகிற மாதிரி நடுங்கும், சில சமயம் அறுந்துபோகும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டியும், சூரியனில் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளிலும் இது அதிகம். ஒரு மார்ச் மாத இரவு எட்டு மணிக்கு வீட்டு மாடத்தில் கருவியை வைத்துப் பார்த்தேன், இரண்டு செயற்கைக்கோள்களின் சிக்னல் பட்டை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பகலில் பறக்கும் நமக்கு இது பெரிய தொல்லை இல்லை. இருந்தாலும் அமெரிக்க ஜிபிஎஸ்ஸோடு மற்ற நாட்டுச் செயற்கைக்கோள்களையும் பிடிக்கிற கருவி என்றால் இரண்டு போனாலும் மீதி நிற்கும். சாயங்காலம் திரும்பி வரும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

மின்சாரம் பற்றி ஒரே வரி: சில விமானங்களில் 14 வோல்ட், சிலவற்றில் 28 வோல்ட், இரண்டையும் தாங்குகிற சார்ஜர் வாங்கு. ஜிபிஎஸ் காட்டும் உயரம் உயரமானியோடு ஒத்துப்போகாது என்பது உனக்கே தெரியும், அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

திரையைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். கடைக்குள் குளிர்சாதன விளக்கொளியில் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும். அதை வெளியே எடுத்துக்கொண்டுபோய் நண்பகலில் பார்க்க வேண்டும். அதுவும் நீ பறக்கும்போது போடுகிற கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. உன்னுடையது போலரைஸ்டு வகை என்றால் சில திரைகள் ஒரு கோணத்தில் முழுக்க இருண்டுவிடும். தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அடுத்தது விரல். வேர்த்த விரலால், விமானம் குலுங்கும்போது, 'பக்கத்து விமான நிலையம்' என்ற பக்கத்துக்கு எத்தனை தட்டில் போகமுடிகிறது என்று எண்ணிப் பார். மூன்று தட்டுக்கு மேல் என்றால் எனக்குப் பிடிப்பதில்லை. இரண்டு விநாடி பார்த்துவிட்டு மறுபடி வெளியே பார்க்க முடிய வேண்டும்.

காகித வரைபடத்தை நான் இன்னும் விடவில்லை. பாதையைப் பென்சிலால் கோடு போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு குறி வைத்துத் தொடையில் கட்டிக்கொள்கிறேன். நம் பக்கம் காந்த விலக்கம் (திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் வரைபடத்து வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, அதனால் வரைபடத்தில் அளந்த திசையைக் கூட்டிக் கழிக்காமல் அப்படியே திசைகாட்டியில் பிடிக்கலாம். இது நமக்குக் கிடைத்த வரம்.

ஜாலான் காயுவில் பள்ளி விட்டதும் வேலிக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்து வைத்து, சின்ன விமானங்கள் இறங்குவதை எண்ணிக்கொண்டிருப்போமே, அந்த ஓடுபாதையில் நீ இறங்கப் போகிறாய். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

வந்து சேர்ந்ததும் ஒரு சனிக்கிழமை மதியம் சிலேத்தாருக்கு வா. என் 660-ஐ மாட்டிவைக்கிறேன், இன்னொருவரிடம் 760-ஐயும் கேட்டு வாங்கி வைக்கிறேன். இயந்திரத்தை முடுக்காமல், கதவைத் திறந்து வைத்து, வெயிலில் அரை மணி நேரம் இரண்டையும் பார். அப்புறம் முடிவு செய்துகொள். உன் ஐபேடையும் கறுப்புக் கண்ணாடியையும் மறக்காமல் எடுத்து வா. டிக்கெட் எந்தத் தேதிக்கு என்று நீ எழுதவே இல்லையே, அம்மா தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
உன் ஜாலான் காயு நண்பன்