லெக்கர் என்றொரு சொல்

அன்புள்ள அம்மாவுக்கு,

போன வாரம் போனில் பேசும்போது மாடி வீட்டுப் பாட்டி "லெக்கர், லெக்கர்" என்றது காதில் விழுந்து, "யாருடி அது, என்ன சொல்றாங்க?" என்று கேட்டாயே. அவசரத்தில் "நல்லாயிருக்காம்" என்று முடித்துவிட்டேன். அது பாதிதான், மனசு கேட்கவில்லை, அதான் எழுதுகிறேன்.

அன்று உன் பொடியில் ரசம் வைத்து அவருக்கு ஒரு டம்ளர் கொடுத்திருந்தேன். லெக்கர் என்றால் இவர்கள் பேசும் டச்சு மொழியில் ருசியானது. ஆனால் சாப்பாட்டோடு நிற்கிற சொல் இல்லை அம்மா. இங்கே நெதர்லாந்தில், உட்ரெக்ட் ஊரில், நாள்கணக்கில் மூட்டமாகவே கிடந்து ஒருநாள் வெயில் அடித்தால் அது "லெக்கர் வேர்", போர்வைக்குள் கதகதப்பாக இருந்தால் "லெக்கர் வார்ம்", படுக்கப் போகிறவரிடம் "ஸ்லாப் லெக்கர்", நன்றாகத் தூங்கு என்று. உடம்பு சரியில்லையா, "நீட் லெக்கர்", அதாவது லெக்கராக இல்லை. நாம் ருசி, இதம், சுகம் என்று பிரித்து வைத்திருப்பதையெல்லாம் இவர்கள் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

இலக்கணம்தான் மூன்று மாதம் படுத்தியது. நமக்கு நல்ல சோறு, நல்ல பையன், எல்லாவற்றுக்கும் ஒரே "நல்ல". இங்கே பெயர்ச்சொல்லில், ஆங்கிலத்து "தி" மாதிரி முன்னால் "டெ" சேர்வது, "ஹெட்" சேர்வது என்று இரண்டு வகை. சூப் "டெ" வகை, அதனால் "லெக்கரெ சூப்", கடைசியில் ஒரு "எ" ஒட்டும். ப்ரோட்யே என்கிற சின்ன ரொட்டி "ஹெட்" வகை, "ஒரு" என்று பொருள்படும் "அன்" முன்னால் வந்தால் "அன் லெக்கர் ப்ரோட்யே", எ கிடையாது. அதே ரொட்டியை "அந்த" என்று சுட்டினால் "ஹெட் லெக்கரெ ப்ரோட்யே", எ திரும்பி வந்துவிடும்! "சூப் லெக்கராக இருக்கிறது" என்று கடைசியில் வைத்தால் ஒன்றுமே ஒட்டாது. ருசியான, ருசியாக என்று நாம் மாற்றுகிற இடத்தில் இவர்களுக்கு மாற்றமும் இல்லை. இதைவிட ருசி என்பதற்கு "லெக்கர்டர்", நடுவில் ஒரு "ட்" நுழைகிறது.

நேற்று பாட்டி டம்ளரைத் திருப்பித் தர வந்தார். வெறும் டம்ளராகத் தரவில்லை அம்மா, நம் ஊர் மாதிரியே. கூடவே ஒரு தட்டில் பட்டை மணக்கும் ஆப்பிள் டார்ட், இன்னும் சூடு ஆறவில்லை. "இட்ஸ் லெக்கர்ஸ்" என்றார். ருசியாக ஏதோ ஒன்று என்று அர்த்தம், அதற்குக் கடைசியில் ஒரு "ஸ்".

ரசப்பொடி அடுத்த வாரம் தீர்ந்துவிடும். இந்த முறை கொஞ்சம் கூடவே அரைத்து அனுப்பு.

உன் அன்பு மகள்