வேற வழியில்லாம குடுக்குற 'ஓகே' சம்மதம் ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஆப் யூஸ் பண்றவங்களுக்கு பிரைவசி பத்தி கவலையே இல்ல, இருந்தா அன்இன்ஸ்டால் பண்ணிட்டு போயிருப்பாங்கன்னு நெறைய பேர் பேசுறாங்க, இத என்னால ஒத்துக்கவே முடியல. 2021 ஜனவரில வாட்ஸ்அப் நம்ம தகவல ஃபேஸ்புக் கம்பெனியோட பகிர்ந்துக்குற மாதிரி புது பாலிசின்னு சொன்னப்போ எவ்ளோ பேர் சிக்னல், டெலிகிராம்னு வேற மெசேஜ் ஆப்புக்கு ஓடுனாங்க, கூட்டம் தாங்காம சிக்னலே அந்த மாசம் படுத்துடுச்சு. அப்புறம் ஏன் மறுபடியும் வாட்ஸ்அப்லயே இருக்காங்க? பசங்க ஸ்கூல் குரூப் அங்க, தெரு குரூப் அங்க, மளிகைக் கடைக்கு லிஸ்ட் அனுப்புறதும் அங்கதான், நாம மட்டும் வெளிய வந்து யார்கிட்ட பேசுறது? அந்த பாலிசிய ஏத்துக்கோ இல்லன்னா போன்னு சொன்னதுக்கு 2024 நவம்பர்ல இந்தியப் போட்டி ஆணையம் வாட்ஸ்அப்போட ஓனர் கம்பெனி மெட்டாவுக்கு 213 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு.

கடன் ஆப்புங்க இன்னும் மோசம். கான்டாக்ட் லிஸ்ட்ட உருவிக்கிட்டு, தவணை தவறுனா சொந்தக்காரங்க, கூட வேல பாக்குறவங்கன்னு எல்லாருக்கும் போன் போட்டு மானத்த வாங்குனாங்க, உயிரே போயிருக்கு, அப்புறம் 2022லதான் கான்டாக்ட், கால் லாக் பக்கமே போகக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லுச்சு.

2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்துலயே ஒரு உதாரணம் இருக்கு: ஆன்லைன்ல டாக்டர பாக்குற ஆப் கான்டாக்ட் லிஸ்ட்டும் கேட்டு நாம ஓகே குடுத்துட்டாலும், வைத்தியத்துக்கு அது தேவையில்லாததால கான்டாக்ட் லிஸ்ட்டுக்கு குடுத்த ஓகே மட்டும் செல்லாது. இத எல்லா ஆப்புக்கும் கறாரா நடைமுறைக்கு கொண்டு வரணும். பெர்மிஷன செட்டிங்ஸ்ல எப்படி ஆஃப் பண்றதுன்னு உங்க பேப்பர்ல படத்தோட போடுங்க, எங்க அம்மா மாதிரி ஆளுங்க வெட்டி வச்சுப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்