மக்காச்சோளப் பூஞ்சணத்துக்கு விரிஞ்சிபுரத்தில் ஒரு சோதனை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்காச்சோளத்தை ஈரம் போகக் காயவைத்துச் சேமிக்கும் முறையைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரியான யோசனைகள்தான். ஈரம் 12, 13 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டைக்குள் பூஞ்சணம் ஏறத்தான் செய்யும். ஆனால் அது களத்துக்கு வந்த பிறகு ஒட்டிக்கொள்வது மட்டும் இல்லை. கதிர் செடியில் நிற்கும்போதே உள்ளே புகுந்துவிடுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அணைக்கட்டுப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம். போன பட்டத்தில் மணி பால் பிடிக்கிற நேரம் பார்த்து மழை இல்லை. கிணறும் கைகொடுக்கவில்லை. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. படைப்புழு வேறு. அறுவடையன்று ஒரு கதிரின் மட்டையை உரித்தேன். நுனியில் புழு துளைத்த இடத்தைச் சுற்றி ஏழெட்டு மணிகளின் மேல் பச்சையும் மஞ்சளுமாக ஒரு தூள். வாயால் ஊதினால் பறந்தது. "அதைத் தனியா போடு, மாட்டுக்கு ஆகும்" என்றார் அம்மா. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நானும் பல வருஷம் அப்படிப் போட்டவன்தான்.

அந்தத் தூள் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம். தண்ணீரில்லாமல் காய்ந்து கிடக்கும் பயிர் என்றால் அதற்குக் கொண்டாட்டம். அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் ஈரலில் புற்றுநோய் வரவைக்கும் நஞ்சு. வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுசாகப் போகாது. மாடு தின்றால் ஒரு நாளிலேயே பாலில் இறங்கிவிடும். அந்தப் பாலைத்தான் பிள்ளைக்கு ஆற்றிக் கொடுக்கிறோம். மல்லாட்டையிலும் (வேர்க்கடலை) இதே நஞ்சுதான், அதன் பிண்ணாக்கிலும்தான். 1974இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடி ஊர்களில் மழையில் நனைந்து பூத்துப்போன மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு, காமாலை கண்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதே சாப்பாட்டைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன.

இதற்கு வயலிலேயே செய்யக்கூடிய ஒரு வழி இருக்கிறது. இதே பூஞ்சணத்தில் நஞ்சு உண்டாக்கும் திறன் இல்லாத வகைகளும் மண்ணில் உண்டு. அமெரிக்காவில் அரிசோனா பருத்திக் காட்டில் அப்படி ஒரு வகையைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தினார்கள். பிறகு நைஜீரியாவில் இபாதானில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனம், அந்த நாட்டிலேயே கிடைத்த நான்கு வகைகளைச் சேர்த்து 'அஃப்ளாசேஃப்' என்று கொண்டுவந்தது. சோளத்தை முளைக்காதபடி வறுத்து, அதன்மேல் இந்த நல்ல பூஞ்சணத்தைப் பூசி, யாரும் எடுத்துத் தின்றுவிடாமல் இருக்க நீலச் சாயம் ஏற்றுகிறார்கள். ஏக்கருக்கு 4 கிலோ. பூ எடுப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால், மண் ஈரமாக இருக்கும்போது கையால் வீசினால் போதும். நம் கணக்கில் இரண்டாவது மேலுரம் போடும் சமயத்தை ஒட்டி வரும். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அதே வேலையைத்தான் அது செய்கிறது. கெட்டது வந்து சேரும்போது கதிரில் உட்கார இடம் இருக்காது. நஞ்சு பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. வயலில் கிடைத்த பாதுகாப்பு மூட்டை வரைக்கும் கூடவே வருகிறது. அப்புறமும் காயவைக்கத்தான் வேண்டும், கெட்ட கதிரைப் பொறுக்கத்தான் வேண்டும்.

நைஜீரியச் சரக்கை அப்படியே இறக்கிக் கொள்ளச் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவில் நாட்டுக்கு நாடு அந்தந்த மண்ணின் வகைகளைத் தேடித்தான் செய்கிறார்கள். நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சணத்தை விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் கலந்து விதைக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்தான். ஒரு பூஞ்சணத்தை விட்டு இன்னொன்றை அடக்குவது எங்களுக்குப் புதிதில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே விரிஞ்சிபுரத்தில் இருக்கிறது. அவர்கள் அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் மண்ணை எடுத்து, நஞ்சில்லாத வகைகளைப் பிரித்து, மக்காச்சோளத்திலும் மல்லாட்டையிலும் சோதித்துப் பார்க்க வேண்டும். பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு, அனுமதி என்று வருஷங்கள் ஆகும். அதனால்தான் இப்போதே தொடங்கச் சொல்கிறேன்.

உங்கள் இதழ் இதை அதிகாரிகளிடம் கேட்டு எழுத வேண்டும். சோதனைக்கு இடம் வேண்டுமென்றால் என் ஒன்றரை ஏக்கரில் அரை ஏக்கரை வரும் ஆடிப்பட்டத்துக்குத் தருகிறேன். தண்ணீரும் நானே பாய்ச்சுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.